துரை வைத்த புளிக் கதவு

போன வாரம் வடசேரியில் ஒரு பால்காய்ச்சு. இரும்புக்கடை வைத்திருக்கும் நண்பர் புது வீடு கட்டியிருக்கிறார். அவர் பெயரை நான் போடவில்லை. பத்தியில் பெயர் வந்தால் கோபித்துக்கொள்வார்... வராவிட்டால் அதைவிட அதிகமாகக் கோபித்துக்கொள்வார். இருக்கட்டும்.

வீட்டைச் சுற்றிக் காட்டினார். கால் வைத்தால் வழுக்குமோ என்று பயப்படும்படி பளபளக்கும் சிமென்ட் தரை. கண்ணாடி போட்ட ஜன்னல்கள். எல்லாம் நிறைவு. ஒரே ஒரு குறைதான் — சொல்லிவைத்திருந்த நாதஸ்வரக்காரர்கள், பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்று வந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மேளச் சத்தம் இல்லாமல் ஒரு பால்காய்ச்சா என்று, பார்த்தவரிடமெல்லாம் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அடுக்களைக்கு அழைத்துப்போனார். அவருடைய பெருமை முழுவதும் அங்கேதான் இருந்தது. அடுப்பு மேடைக்கு மேலே செங்கல்லில் கட்டி, சுண்ணாம்பு பூசி, கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரு புகைக்கூண்டு. இனி இந்த வீட்டில் யாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைக்க வேண்டியதில்லை என்றார். நல்ல காரியம்தான். யார் இல்லையென்பது?

நான் என்ன செய்தேன் தெரியுமா? வேட்டியை மடித்துக் கட்டினேன். மேடையில் ஒரு கையை ஊன்றினேன். தலையைக் கூண்டுக்குள் விட்டு அண்ணாந்து பார்த்தேன்.

பின்னால் பேச்சு நின்றுவிட்டது. பால் பானை தயாராக இருக்கிறது. புரோகிதர் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்தி எழுதுகிற மனிதர் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார். என் மனைவி, என்னை முன்பின் தெரியாதவள் போல ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டாளாம். பிறகு சொன்னார்கள்.

"என்னவே, உள்ள என்னத்தத் தேடுதீரு?" என்றார் நண்பர்.

நான் பதில் சொல்வதற்குள் வாசலிலிருந்து என் அக்கா கேட்டாள்.

"லே தம்பி, வானம் தெரியுதா?"

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் மூன்று பேர். கேட்ட அக்கா, உள்ளே தலையை விட்டிருந்த நான், அக்கா பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என் தங்கை தங்கம்.

நாங்கள் ஏன் சிரிக்கவில்லை? அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

தங்கத்தின் வீட்டுக்காரர் செல்லப்பன் எஸ்டேட் கிளார்க். அருமனையிலிருந்து மலைப்பக்கமாகப் போக வேண்டும். கீழே ரப்பர், மேலே போகப் போகக் கிராம்பு. சுதந்திரம் வந்த கொஞ்ச நாளில் எஸ்டேட் துரை மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். அவர் இருந்த பங்களா சும்மா கிடந்தது. பூட்டிப் போட்டால் கரையான் தின்றுவிடும், நீயே குடியிருந்து பார்த்துக்கொள் என்று செல்லப்பனிடம் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. இருக்காதா? நேற்றுவரை அந்த வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர், இன்றைக்கு அதே வராந்தாவில் சாய்வு நாற்காலி போட்டு உட்காருகிறார்.

அந்தப் பங்களாவின் படுக்கை அறையில் ஓர் இரும்பு அடுப்பு இருந்தது. சமைக்க அல்ல. குளிர் காய! நான்கு கால், முன்னால் ஒரு சின்னக் கதவு, பின்னால் ஒரு தகரக் குழாய். குழாய் சுவருக்குள் நுழைந்து, சுவரோடு சேர்த்துக் கட்டிய செங்கல் புகைக்கூண்டில் போய்ச் சேரும். விறகைப் போட்டுப் பற்றவைத்துக் கதவை மூடிவிட்டால், புகை மேலே போய்விடும், சூடு மட்டும் அறையில் நிற்கும். செல்லப்பன் அதற்குத் துரை அடுப்பு என்று பெயர் வைத்திருந்தார்.

நாகர்கோவில்காரனுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். நாம் குளிர் காய்ந்தது எப்போது? நமக்கு விசிறிக்குத்தான் வேலை. ஆனால் ஆடி மாதம் அந்த மலையில் ஒரு வாரம் இருந்து பாருங்கள். மழை பெய்கிறதா, மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியாது. துவைத்துப் போட்ட துணி மூன்றாம் நாளும் சொதசொதவென்று இருக்கும்.

தங்கத்துக்கு ஆஸ்பத்திரியில் பிரசவம். ஆண் பிள்ளை. எங்களுக்கு அம்மா இல்லை. எல்லாம் பகவதி அக்காதான். நாற்பது நாள் கழிந்ததும் தாயையும் பிள்ளையையும் மலைக்கு அழைத்துக்கொண்டு போனவளும் அவள்தான். போன வருஷ ஆடியில்.

அக்கா வாழ்க்கைப்பட்டுப் போன இடம் அருமனை. அங்கே போய் அவள் பேச்சில் பாதி மலையாளம் ஏறிவிட்டது. திட்டினாலும் பாட்டு மாதிரி இருக்கும். இன்னொன்றும் ஏறிவிட்டது — கொடம்புளி. கொடம்புளி போடாத மீன்கறியை அவள் கறி என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கொடம்புளி தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னப் பூசணிக்காய் மாதிரி வரிவரியாக இருக்கும் பழம். மழைக்காலத்தில்தான் பழுத்து விழும். அதைப் பிளந்து, கொட்டையை நீக்கி, உலர்த்தி, அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் போட்டுவைப்பார்கள். நாள்பட நாள்பட அடுப்புப் புகை ஏறிக் கறுத்து, பளபளவென்று ஆகும். அப்போதுதான் அது புளி. வருஷக்கணக்கில் கெடாது.

எஸ்டேட்டில் அந்த மரங்கள் நிறைய. பழம் விழுந்து சேற்றில் கிடந்து அழுகுகிறது. எடுப்பாரில்லை. அக்காவுக்கு வயிறு எரிந்தது. கூடை கூடையாகப் பொறுக்கிவிட்டாள். பொறுக்கியாயிற்று, எங்கே உலர்த்துவது? வெயில் கிடையாது. சரி, அடுக்களைப் புகையில் போடலாம் என்றால், துரை அங்கேயும் கூண்டு வைத்து, இருக்கிற புகையை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டிருக்கிறார். அடுப்புக்கு மேலே பரணும் இல்லை, புகையும் இல்லை.

அப்போதுதான் அக்கா அந்தக் கதவைப் பார்த்தாள்.

பின்வராந்தாவில், படுக்கை அறைச் சுவரின் மறுபக்கம், இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புக் கதவு. அகலம் ஒரு முறத்தளவு. திறந்து பார்த்தாள். உள்ளே இருட்டாக, இதமான சூட்டோடு, புகை மெல்ல மேலே போய்க்கொண்டிருக்கிறது. குறுக்கே ஓர் இரும்புக் கம்பி வேறு.

அது என்ன கதவு? புகைக்கூண்டுக்குள் சேரும் கரியை அவ்வப்போது சுரண்டி அள்ளுவதற்காக வைத்த கதவு. அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? செல்லப்பனுக்கே தெரியாது. துரை இருந்தபோது அதற்கென்று ஆள் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவான். துரையோடு அவனும் போய்விட்டான். கூண்டு அப்படியே கிடந்தது.

"துரைமாருக்கும் புத்தி உண்டு, கேட்டியா. புளி உணக்கதுக்குன்னே தனியா ஒரு கதவு வச்சிருக்கான்" என்று தங்கத்திடம் பாராட்டிச் சொன்னாளாம்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. யோசித்துப் பாருங்கள். சூடு இருக்கிறது, புகை இருக்கிறது, கதவு இருக்கிறது, தொங்கவிடக் கம்பி இருக்கிறது. அருமனைப் பெண் ஒருத்தி அதைப் பார்த்து வேறு என்னதான் நினைப்பாள்?

முதலில் இரண்டு சரம் கோத்துத் தொங்கவிட்டாள். மூன்றே நாளில் கறுத்து, கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. அக்காவுக்குப் பிடிபடாத சந்தோஷம். மிச்சம் இருந்ததை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி, கம்பியில் இறுக்கித் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். ஈரப் புளி. சூட்டில் சாக்கு கசிந்து, ஊறி, பெருத்தது. மேலிருந்து வருஷக்கணக்கான கரி சரிந்து அதன்மேல் விழுந்தது. கூண்டின் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடைத்தால் என்ன ஆகும்? புகை போக வழி இல்லாமல் அறைக்குத் திரும்பும். திரும்பியது. தங்கம் இருமினாள், பிள்ளை அழுதது. செல்லப்பன் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து ஆராய்ந்துவிட்டு, விறகு ஈரம், அதுதான் புகைகிறது என்று தீர்ப்புச் சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம். மனிதர் படித்தவர் அல்லவா? விறகை நிறுத்திவிட்டு, மரக்கரி மூட்டை வரவழைத்துக் கரி போட ஆரம்பித்தார்.

கரி நெருப்பில் புகை வராது. வரவில்லை. அறை பளிச்சென்று ஆகிவிட்டது. கதகதப்பு. ஜன்னல்களைத் துணி அடைத்து இறுக்கி மூடினார்கள். பெற்றவள் உடம்பில் காற்றுப் படக்கூடாதே!

எல்லாவற்றுக்கும் மேலே — அதுவரை எப்போது பார்த்தாலும் அழுதுகொண்டிருந்த பிள்ளை, தூங்க ஆரம்பித்தது.

நான் மலைக்குப் போய்ச் சேர்ந்தது அன்றைக்குத்தான். மத்தியானம் பங்களாப் படி ஏறியபோது, அக்கா வாயில் விரலை வைத்து என்னை வரவேற்றாள். பிள்ளை உறங்குகிறது, செருப்பைச் சத்தம் போடாமல் கழற்று என்றாள். காலையிலிருந்து ஒரே உறக்கம், இப்போதுதான் பிள்ளை வீடு பழகியிருக்கிறது என்று அவளுக்கு ஒரு நிம்மதி. செல்லப்பனுக்கும் நிம்மதி. கரி அடுப்பின் மகிமை என்றார்.

சாப்பிட்டோம். தங்கத்துக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை. தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று சுருண்டு படுத்திருந்தாள். பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அக்கா சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டிருந்தாள்.

நான் அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெளியே சாரல், உள்ளே இதமான சூடு. இந்தப் பத்தியை எழுத இதைவிட நல்ல இடம் ஏது? காகிதத்தை எடுத்தேன். ஒரு வரி ஓடவில்லை. கொட்டாவி கொட்டாவியாக வந்தது. தலையை யாரோ கயிறு போட்டு இறுக்குவது மாதிரி ஒரு வலி.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் வயிற்று உப்புசத்தையும் முதுகுப் பிடிப்பையும் பற்றி நான் எழுதாத வாரம் குறைவு என்று வாசகர்கள் சலித்துக்கொள்கிறார்கள். உண்மை. எனக்கு என் உடம்பைக் கவனிப்பதே முக்கால்வாசி வேலை. என் தலைவலிகளை எனக்கு நன்றாகத் தெரியும். வெயில் தலைவலி, காப்பித் தலைவலி, பத்திரிகை ஆசிரியர் கேட்டு அனுப்பும் தலைவலி... இது அவற்றில் ஒன்றும் இல்லை.

எழுந்து முன்வராந்தாவுக்குப் போனேன். வெற்றிலை போட்டேன். சாரல் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்துவிட்டது. அட, சரியாகிவிட்டதே என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். மறுபடியும் கயிறு இறுகியது. மறுபடியும் வெளியே வந்தேன். மறுபடியும் தெளிந்தது.

அப்படியானால் வலி என் தலையில் இல்லை. அந்த அறையில் இருக்கிறது.

இதை யோசித்துக்கொண்டே முற்றத்தில் இறங்கி நின்று கூரையைப் பார்த்தேன். புகைக்கூண்டின் வாயில், விளிம்பிலே, ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. இறகைக் கோதிக்கொண்டு, வெகு சாவகாசமாக.

கீழே நெருப்பு கனிந்து கிடக்கிறது. அந்தச் சூடெல்லாம் மேலே வர வேண்டிய வாயில் காக்கா எப்படி உட்காரும்? சூடு அங்கே வரவில்லை என்றால், வேறு எங்கே போகிறது?

எப்போதோ பத்திரிகையில் படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது — மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்று.

உள்ளே ஓடினேன். தங்கத்தைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள். வெகு தூரத்திலிருந்து யாரோ கூப்பிடுவதைக் கேட்பது போல என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்தேன். தலை தொய்ந்து என் கையில் விழுந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். அசையவில்லை. மறுபடியும் சுண்டினேன்.

அவனைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"லே, பிள்ளைய எங்க கொண்டுபோற? மழையில்லா பெய்யுது."

"வழி விடு அக்கா. அந்த அறையில விஷம் இருக்கு. முதல்ல தங்கத்தத் தூக்கி வெளிய கொண்டா."

"பெத்த உடம்புல காத்து அடிக்கப்படாது."

"காத்து இல்லாமத்தான் அவ சாகக் கெடக்கா" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த வார்த்தைக்குத்தான் அவள் விலகினாள்.

முன்வராந்தாவில் நின்றேன். சாரல் பிள்ளையின் முகத்தில் பட்டது. ஒன்றும் இல்லை. உதடு மட்டும் சிவப்பாக, பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்து எனக்கு வந்த பயத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. முதுகைத் தடவினேன். ஊதினேன். நான் கூப்பிடாத தெய்வம் இல்லை. உள்ளேயிருந்து அக்காவும் செல்லப்பனும் தங்கத்தைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சாய்வு நாற்காலியில் போட்டார்கள். அவள் குனிந்து வாந்தி எடுத்தாள்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. பிள்ளை ஒரு தும்மல் போட்டது. முகத்தைச் சுளித்தது. பிறகு — மெல்லிசாக, பூனைக்குட்டி மாதிரி — ஓர் அழுகை. கொஞ்சம் கொஞ்சமாக அது வளர்ந்து, மலையே எடுபட அழுதது.

நான் அந்த வராந்தாப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் பிள்ளையை அழாதே என்று சொல்லவில்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து கம்பவுண்டர் வந்து பார்த்தார். கரி எரியும்போது வரும் ஒரு வாயு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண் எரியாது, இருமல் வராது, உதடு மட்டும் சிவக்கும் என்றார். புகையாவது நம்மை எழுப்பிவிடும், இது தாலாட்டுப் பாடித் தூங்கவைத்துவிடும் என்றார். ராத்திரிவரை விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், தங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொண்டார்.

இதற்குள் செல்லப்பன் ஜன்னல்களை எல்லாம் திறந்து, கரியை இரும்புச் சட்டியில் அள்ளி முற்றத்தில் கொட்டி அணைத்து, அடுப்பின் தகரக் குழாயைக் கழற்றி ஒரு கம்பியால் குத்திக்கொண்டிருந்தார். குழாயில் அடைப்பு இல்லை. அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

அக்கா வந்து நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

"மாப்பிள, அதக் குத்தாண்டாம். அடைப்பு அங்க இல்ல. நானாக்கும் அடைச்சது."

பின்வராந்தாவுக்கு நடந்தாள். அந்தச் சின்னக் கதவைத் திறந்து, தோள்வரை கையை விட்டு, சாக்கை இழுத்தாள். சாக்கோடு ஒரு கூடைக் கரி சரிந்து அவள் புடவை மேலெல்லாம் கொட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எங்கள் அம்மா போனபோதுகூட எங்களுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள் அவள். தங்கம்தான் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். கரி படிந்த அந்த மடியிலேயே.

மறுநாள் அடுப்பு நன்றாக ஆறியபிறகு கூண்டைச் சுத்தம் செய்வது என்று முடிவாயிற்று. எப்படி? மேலிருந்து கயிற்றில் கல்லைக் கட்டி, கல்லுக்கு மேலே ஒரு வாரியலைக் கட்டி, ஏற்றி இறக்கித் தேய்க்க வேண்டும். செல்லப்பன் சொன்ன யோசனை. இந்தத் தடவை சரியான யோசனை. வாரியலை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

அக்கா விடவில்லை. தரை பெருக்குகிற வாரியல் கூரைக்கு மேலே போவதா? மூதேவியை வீட்டுத் தலையில் ஏற்றுவது மாதிரியாக்கும் என்றாள். செல்லப்பன் ஏணியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். நேற்று நடந்ததற்கு அப்புறம் அவளை எதிர்த்துப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. கூண்டு அடைத்தபடியே இருக்க விடவும் முடியாது. என்ன செய்ய?

வழியும் அவளே சொன்னாள். எழுந்து போய்த் தென்னை ஓலைகளைக் கிழித்து, புது ஈர்க்குகளாக எடுத்து, இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். செல்லப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுவும் வாரியல்தானே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"தரையப் பெருக்கினாத்தான் அது வாரியல். அது வரைக்கும் ஈர்க்குக் கட்டாக்கும்" என்றாள் அக்கா.

எந்தக் கோர்ட்டிலும் இந்த வாதம் நிற்கும். ஈர்க்குக் கட்டு கூரை ஏறியது.

கீழே நான் அந்தக் கதவடியில் ஈரச் சாக்கை விரித்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு கரி என்கிறீர்கள்! உதிரியாக வந்தது பாதி. மீதி, கூண்டுச் சுவரில் கீல் மாதிரி பளபளவென்று உறைந்திருந்தது. பச்சை விறகை எரித்தால் அப்படித்தான் படியுமாம். அந்தக் கீலில் என்றைக்காவது தீ பிடித்தால் கூண்டே கொள்ளிக்கட்டையாகி, கூரையையும் கூட்டிக்கொண்டு போய்விடுமாம். கம்பவுண்டர்தான் சொன்னார். மனிதருக்கு நல்ல செய்தியே சொல்லத் தெரியாது.

எல்லாம் முடிந்தபின் ஓட்டை முழுதாகத் திறந்ததா என்று எப்படிப் பார்ப்பது? கதவுக்குள் தலை நுழையாது. தங்கம் தன் கைக்கண்ணாடியைக் கொடுத்தனுப்பினாள். அதைக் கதவு வழியாக உள்ளே நீட்டி, சாய்த்துப் பிடித்தேன். முதலில் இருட்டு. கொஞ்சம் திருப்பினேன். கண்ணாடிக்குள்ளே ஒரு சதுரம், சாம்பல் நிறத்தில்.

"வானம் தெரியுதா?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியுது அக்கா."

அன்றைக்கு அந்த வீட்டில் ஏற்பட்ட வழக்கங்களைச் சொல்கிறேன், மலைப்பக்கம் இருப்பவர்களுக்குப் பயன்படும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு தடவையும், முடிந்தபின் ஒரு தடவையும் ஈர்க்குக் கட்டு கூரை ஏறும். கண்ணாடியில் வானத்தைப் பார்க்காமல் அடுப்பில் நெருப்பு வைப்பதில்லை. விறகு, போன வருஷம் வெட்டிக் காய்ந்த விறகாக இருக்க வேண்டும். அடுப்புச் சாம்பலை மூடி போட்ட இரும்புச் சட்டியில் வாரி வெளியே வைப்பது. ஆறிவிட்டது என்று பார்த்தால் தோன்றும், உள்ளே கங்கு விழித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு குளிரானாலும் ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தில் அக்கா தானே முன்னின்று, தங்கத்தின் தலைக்குத் துணியைச் சுற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தாள். காற்று அடிக்கப்படாது என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அந்தச் சாக்குப் புளியை எல்லாம் ஓடையில் கொட்டிவிட்டாள். வெகு நாள்வரை கொடம்புளி போட்ட கறியை அவள் தொடவில்லை. வற்புறுத்தினால், பிள்ளையின் தொய்ந்த தலை ஞாபகம் வருகிறது என்பாள்.

ஆனால் நான் மலையிறங்கும் அன்று, அவள் ஒரு கேள்வி கேட்டாள். கோபமாக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"புகைய எல்லாம் வெளிய விரட்டியாச்சு, கொள்ளாம். புகை செய்த சோலிய இனி யாரு செய்யது?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். நம் வீட்டில் புகை சும்மாவா இருந்தது? புளியைக் கறுக்கவைத்தது. விதைக்குக் கட்டிவைத்ததை வண்டு தின்னாமல் பார்த்துக்கொண்டது. கூரை ஓலையில் பூச்சி விழாமல் காத்தது. கண்ணையும் நெஞ்சையும் கெடுத்தது, இல்லையென்று சொல்லவில்லை. அதை வெளியே அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அனுப்புகிறவர்கள், அதனிடம் இத்தனை நாள் வேலை வாங்கிய பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அவர்கள் எங்கே சூடும் புகையும் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய்ப் புளியைத் தொங்கவிடத்தான் செய்வார்கள். செல்லப்பன் பிறகு அதைப் புரிந்துகொண்டு, வீட்டை விட்டுத் தள்ளிப் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறக்கி, வெந்நீர் அடுப்புப் போட்டு, மேலே பரண் கட்டிக் கொடுத்தார்.

சரி, வடசேரிக்குத் திரும்புவோம். நான் இன்னும் கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறேன் அல்லவா?

வானம் தெரிந்தது. நல்ல ஆவணி வானம், நீலமாக. சொன்னேன். அக்கா தலையசைத்தாள். தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு விலகினேன். பால் வைத்தார்கள், நல்ல நேரத்தில் பொங்கியது. புகை ஒழுங்காக மேலே போயிற்று. நண்பருக்கு முகமெல்லாம் பல்.

எல்லோரும் பந்திக்குப் போனபிறகு, நண்பரின் மனைவி அடுக்களையில் தனியே நின்று அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே, அருமனைப் பக்கத்தில் பிறந்தவர். அக்காவைக் கண்டதும் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அக்கா, இதுக்குள்ள குறுக்க ஒரு கம்பி போட்டு, கொடம்புளியக் கட்டித் தூக்கினா நல்லா உணங்கும், இல்லியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. கதை ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிடித்து, பின்பக்கத்துக்கு அழைத்துப்போனாள். கிணற்றடியில் எங்கே சாய்ப்பு இறக்கலாம், பரணை எவ்வளவு உயரத்தில் கட்டலாம் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண்ணின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. புது வீடு அவருக்குச் சொந்தமானது அந்த நிமிஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இதற்குள் கூடத்தில் என் மருமகன் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு அழ ஆரம்பித்துவிட்டான். தங்கத்தின் பிள்ளைதான். இப்போது தத்தித் தத்தி நடக்கிறான். குரல் மட்டும் ஓடுகிறது. வந்திருந்த பெண்கள் கிலுகிலுப்பை ஆட்டினார்கள், சர்க்கரை காட்டினார்கள். நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளை இப்படி அழுகிறதே, யாராவது சமாதானப்படுத்தக் கூடாதா என்று ஒரு அம்மாள் அலுத்துக்கொண்டார்.

அக்கா கிணற்றடியிலிருந்து வந்தாள். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கன்னத்தைத் துடைத்துவிட்டாள். சமாதானப்படுத்தவில்லை.

"அழட்டும்" என்றாள். "நீ அழு மக்கா."

அவன் அழுதான். வீடு அதிர அழுதான்.

பால்காய்ச்சுக்கு நாதஸ்வரம் இல்லையே என்ற குறை, நண்பருக்கு எப்படியோ, எங்கள் மூன்று பேருக்கும் தீர்ந்துபோயிற்று.